நஞ்சை மனைக்கு அண்டர்ரீம் பைல்: 5-க்கு 3.5

மன்னார்குடி–திருவாரூர் சாலையை ஒட்டிய நஞ்சை மனையில், தரைத்தள வீடு ஒன்றுக்குக் கை ஆகரால் (கையால் சுழற்றித் துளையிடும் கருவி) அண்டர்ரீம் பைல், அதாவது அடியில் குமிழ்போல் விரியும் கான்கிரீட் தூண்கள், மண்ணுக்குள் போட்டுத் தந்த குழுவின் வேலை பற்றியது இது.

கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண், ஐப்பசி மழையில் ஊறி மேலே எழும். நாலடிக் கடைக்கால் சரியாக அந்த ஆட்டத்துக்குள்தான் உட்காருகிறது. மாடி வீட்டைவிடத் தரைத்தள வீட்டுக்கே சேதம் அதிகம். வீங்கும் மண்ணை அழுத்திப் பிடிக்க அதற்கு எடை போதாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பைல், ஆட்டமில்லாத ஆழத்தில் போய்ப் பிடித்துக்கொள்கிறது.

துளை வேலையில் குறையில்லை. 30 செ.மீ. தண்டு, 4 மீட்டர் ஆழம், அடியில் 75 செ.மீ. குமிழ். குமிழைக் கண்ணால் பார்க்க முடியாது, கான்கிரீட் கணக்கில்தான் பிடிக்க வேண்டும். தண்டுக்கு 10 கன அடி, குமிழுக்கு மேலும் இரண்டரை முதல் 3 கன அடி. பத்திலேயே துளை நிரம்பிவிட்டால் அடியில் குமிழ் விரியவில்லை. இந்தக் குழு துளைக்குத் துளை எத்தனை சட்டி கான்கிரீட் போனது என்று கணக்கு எழுதிக் காட்டியது. மனதார பாராட்ட வேண்டிய பழக்கம்.

சறுக்கியது பீமில். பைல் தலைகளை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது 80 மி.மீ. இடைவெளி வேண்டும் என்கிறது பைல் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2911. அவர்களோ தரையில் பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) போட்டு அதன் மேலேயே பீமை வார்க்கக் கிளம்பினார்கள். அப்படி விட்டால் மண் பீமை அடியிலிருந்து முட்டும், பைலோ கீழே இறுகப் பிடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் பீம் உடையும். பைலுக்குப் போட்ட காசும் போச்சு. எடுத்துச் சொன்ன பிறகு மணல் பரப்பி வார்த்து, கான்கிரீட் இறுகியதும் மணலைத் தோண்டி எடுத்தார்கள். மண் சரிந்து அந்த இடைவெளி தூராமலிருக்க இருபுறமும் செங்கல்லைக் குத்தாக வைத்து அடைக்க வேண்டும். அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்காமலே விலை சொல்வது இன்னொரு குறை. டெல்டாவில் களிமண்ணுக்கு அடியில் ஆற்று மணல் எங்கே குறுக்கிடும் என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. நீர்மட்டத்துக்குக் கீழே மணல் வந்தால் வெட்டிய குமிழ் இடிந்து விழும். துளைச் சுவர் சரியாமல் தாங்கும் பென்டோனைட் களிமண் கரைசல் நிரப்பித்தான் வெட்ட வேண்டும், அதற்கான சாமான் இவர்களிடம் இல்லை. வீக்கச் சோதனைக்கு ஆகும் செலவும் சொற்பம்: உலர்த்திச் சலித்த மண்ணைத் தண்ணீரில் 10 கிராம், மண்ணெண்ணெயில் 10 கிராம் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. தண்ணீரில் உள்ள மண்ணின் கன அளவு அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் நின்றால் பைல் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

பேஸ்மென்ட் நிரப்புவது இவர்கள் வேலையில் சேராது. தோண்டிய களிமண்ணையே உள்ளே தள்ளிவிடாதீர்கள், டைல்ஸ் எழும்பும். கிராவல் கொட்டித் திமிசு அடிக்க வேண்டும்.

கூப்பிடுவதானால் சம்பா அறுவடை முடிந்து, ஜூனில் மேட்டூர் திறக்கும் முன் கூப்பிடுங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது துளைத்தால் அடியில் சேறு ஊறும். அதை அள்ளாமல் வார்த்த பைல் சேற்றின் மேல்தான் நிற்கும்.