ஒரு அங்குல ஹொண்டா பம்ப்: வன்னிக் கிணற்றுக்கு அந்த விலை தகுமா?

ஹொண்டா நிறுவனத்தின் டபிள்யூஎக்ஸ் 10 என்ற ஒரு அங்குல நீர் இறைக்கும் இயந்திரத்தை, ஓமந்தைப் பக்கத்திலுள்ள எனது கால் ஏக்கர் மிளகாய்த் தோட்டத்தில் இரண்டு சிறுபோகங்களாக, அதாவது இரண்டு கோடைப் பயிர்ப் பருவங்களாக, பயன்படுத்தி வருகிறேன். அதற்குக் கொடுத்த காசுக்கு மலிவான இரண்டு அங்குல இயந்திரங்கள் இரண்டை வாங்கியிருக்கலாம். "கையில தூக்கிக்கொண்டு போற சாமானுக்கு இவ்வளவு காசோ, அண்ணை?" என்று பக்கத்துக் காணித் தம்பி முதல் நாளே கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது என்பதால் கணக்கைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும்.

இயந்திரத்தின் நிறை ஆறு கிலோவுக்குச் சற்றே கூடியது. 25 சிசி கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெற்றோலுடன் ஒயில் கலக்கும் வேலை இல்லை. எஞ்சினுக்குள் தனியாக விடும் ஒயிலும் 80 மில்லிலீற்றர் அளவுதான். நிமிடத்துக்கு அதிகபட்சமாக 140 லீற்றர் தண்ணீர் இறைக்கும் என்பது நிறுவனம் தரும் அளவு. அதே நிறுவனத்தின் இரண்டு அங்குல இயந்திரம் நிமிடத்துக்கு 600 லீற்றர் அளவில் இறைக்கும், ஆனால் அதன் நிறை இருபது கிலோ.

முதலில் பாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். கால் ஏக்கர் நிலத்துக்கு ஓரங்குல உயரம் தண்ணீர் கட்டுவதென்றால் ஏறத்தாழ 25,000 லீற்றர் வேண்டும். பெரிய இயந்திரம் அதை முக்கால் மணித்தியாலத்தில் தரக்கூடியது. இதற்கோ முழு வேகத்தில் ஓடினாலும் மூன்று மணித்தியாலம் பிடிக்கும், கிணற்றின் ஆழத்தையும் குழாயின் நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால் நான்கையும் தாண்டும். பெற்றோல் கணக்கும் இதற்குச் சாதகமாக இல்லை. இது மணித்தியாலத்துக்கு அரை லீற்றரளவும் பெரியது ஒரு லீற்றரளவும் குடிப்பதால், ஒரு லீற்றர் பெற்றோலுக்குக் கிடைக்கும் தண்ணீர் பெரியதில்தான் இரண்டு மடங்குக்கும் மேல். வாய்க்கால் வழியே பாத்தி கட்டிப் பாய்ச்சுகிறவருக்கு இது முற்றிலும் பொருந்தாது என்பதை முதல் கிழமையே கண்டுகொண்டேன். மெல்லிய ஓட்டமாகப் போகும் தண்ணீரைப் பாதி வழியிலேயே மண் குடித்துவிட, கடைசிப் பாத்தி காய்ந்தே கிடந்தது.

அப்படியிருந்தும் இதை நான் விற்கவில்லை என்றால், அதற்குக் காரணம் எங்கள் கிணறுதான். வவுனியாப் பகுதியின் பெரும்பாலான இடங்களில் கீழே கிடப்பது கருங்கல். அதற்கு மேலுள்ள உக்கிய மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் தேங்கும் தண்ணீரே ஊற்றாக வருகிறது, அதுவும் வைகாசி கழிந்தால் மெதுவாகத்தான் வரும். பதினாறு அடி விட்டமுள்ள என் கிணற்றில் ஒரு மீற்றர் உயரத் தண்ணீர் என்பது இருபதினாயிரம் லீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு அங்குல இயந்திரம் அதை அரை மணித்தியாலத்தில் உறிஞ்சிவிடும். பிறகு ஊறும்வரை காத்திருந்து, மறுபடி உறிஞ்சு குழாயின் அடிமுனையிலுள்ள புட்வால்வைச் சேற்றிலிருந்து இழுத்துக் கழுவி, மறுபடி இயக்க வேண்டும். சிறிய இயந்திரம் ஊற்று தரும் வேகத்துக்கு அருகில் இறைப்பதால், கிணற்று நீர் கலங்காமல், நிற்காமல், காலை முழுவதும் ஓடுகிறது. நானும் வாய்க்காலை விட்டுவிட்டு ஓஸ் குழாயை நேராகக் கன்றடிக்குக் கொண்டுபோகிறேன். பெற்றோலில் தோற்றதை, மண்ணுக்குள் வீணாய்ப் போகாத தண்ணீரில் பெருமளவு மீட்டிருக்கிறேன் என்பதே என் அனுபவம்.

நிறை குறைவு என்பதைக் கடையில் தூக்கிப் பார்க்கும்போது உணர முடியாது. யானை இறங்கும் காலத்தில் இருட்டுமுன் தோட்டத்தைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும். கிணற்றடியில் விட்டுவந்தால் விடியும்போது இயந்திரம் இருக்குமா என்ற பயம் வேறு. இதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இருபது கிலோவைத் தினமும் இரண்டு தரம் அப்படிச் சுமக்க ஐம்பதைத் தாண்டிய என் இடுப்பு இடம் தராது.

இயக்குவதும் இலகு. பம்பின் மேல்மூடியைத் திறந்து தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, பெற்றோல் ஏறும்வரை சிறிய ரப்பர் குமிழைப் பெருவிரலால் ஐந்தாறு தரம் அமுக்கி, சோக்கை மூடிக் கயிற்றை இழுத்தால், பெரும்பாலும் இரண்டாவது இழுப்பில் எடுத்துவிடும். தண்ணீர் நிரப்பாமல் ஒருபோதும் ஓட்டக்கூடாது. உள்ளேயிருக்கும் சீல் சூடேறிக் கருகிவிடும். ஒயிலை முதல் பத்து மணித்தியாலத்திலும், பிறகு ஐம்பது மணித்தியாலத்துக்கு ஒரு தரமும் மாற்ற வேண்டும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் ஒரு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் எல்லா எஞ்சினையும் ஓட்டிய கைகள் நம்முடையவை. இந்தச் சின்ன எஞ்சினில் அந்தக் கைவேலையைக் காட்ட வேண்டாம். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய பிறகு அதில் பழைய இலாபமும் இல்லை.

வாங்குகிறவர்கள் உறிஞ்சு குழாய்க்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். நகரத்துக் கடையொன்றில் தந்த சாதாரண ஓஸை நம்பி வாங்கிய நான், இயந்திரத்தில்தான் பிழை என்று இரண்டு நாள் மாய்ந்தேன். உறிஞ்சும்போது குழாய் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கண்டேன். உள்ளே சுருள் வைத்த தடித்த குழாயை மாட்டியதும் தண்ணீர் பாய்ந்தது.

ஆகவே, மின்கம்பி எட்டிய தோட்டமென்றால் இந்தப் பணத்தை இதில் போடவே வேண்டாம், மின்பம்பே இலாபம். வற்றாத கிணறும் அரை ஏக்கருக்கு மேல் நிலமும் உள்ளவர் இரண்டு அங்குலத்தையே வாங்கட்டும். மின்சாரமில்லாத சிறு தோட்டமும், மெதுவாக ஊறும் கிணறும், தினமும் இயந்திரத்தைச் சுமந்து திரும்ப வேண்டிய நிலையும் சேர்ந்தவருக்கு மட்டுமே இந்த விலை தகும்; எனக்குத் தகுந்தது.

ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த உறிஞ்சு பம்பும் வளிமண்டல அமுக்கத்தை நம்பியே தண்ணீரை மேலே எடுக்கிறது. இதன் எல்லை எட்டு மீற்றர், அதாவது ஏறத்தாழ இருபத்தாறு அடி; இருபது அடியைத் தாண்டும்போதே ஓட்டம் மெலிகிறது. தண்ணீர் அந்த எல்லைக்குக் கீழே போனதும், ஆறு கிலோதானே என்று கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, இடைத்தட்டில் வைத்து ஓட்டலாம் என்ற எண்ணம் எவருக்கும் வரும். எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டமில்லாத கிணற்றுக்குள் அது தேங்கிவிட்டால் இறங்கியவரும் மீள்வதில்லை, காப்பாற்ற இறங்குகிறவரும் மீள்வதில்லை. போன புரட்டாதியில் என் கிணற்றில் தண்ணீர் இருபத்தாறு அடிக்குக் கீழே போனது. கடைசி இரண்டு பறிப்பைச் செடியிலேயே வாட விட்டுவிட்டு, பெற்றோலை வடித்துத் துடைத்து, இயந்திரத்தைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குள் வைத்தேன்.