கையில் கேஸ் டார்ச் அடித்துக் காட்டினான், 3,850 டாலரைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்

3,850 டாலர். முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன், மூன்று நாளாக மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டு அட்டிக்குக்கு, அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் பரணுக்கு, சூடு வெளியே போகாமல் தடுக்கும் இன்சுலேஷன் போட வந்தவனிடம் ஏமாந்த பணம். இன்று மத்தியானம் கடைசியாக, அவனைப் பிடித்துக் கொடுத்த செயலிக்காரர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது, "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று. யார் முடித்தார்கள், எதை முடித்தார்கள், ஒன்றும் இல்லை. கீழே ஐந்து நட்சத்திரம் போட்டு, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பழைய வீடு வாங்கி அட்டிக்குக்கு இன்சுலேஷன் போடப் போகிற நம் ஆட்கள் யாராவது படித்தால் போதும்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி, எடிசன் பக்கம். 1962இல் கட்டிய வீடு. போன குளிர்காலத்தில் கேஸ் பில்லைப் பார்த்து மனைவி போட்ட சத்தத்தில், சரி, இந்தத் தடவை அட்டிக்கைச் சரிபண்ணிவிடலாம் என்று இறங்கினேன். நானும் சும்மா இறங்கவில்லை, இரண்டு வாரம் படித்தேன். கண்ணாடி இழையா, ஃபோமா, செல்லுலோஸா என்று பார்த்து செல்லுலோஸ்தான் என்று முடிவு செய்தேன். பழைய செய்தித்தாளைப் பஞ்சு மாதிரி அரைத்து, போரிக் ஆசிட், போராக்ஸ் மாதிரி தீத்தடுப்பு உப்பைக் கலந்து செய்வது. எடையில் முக்கால் பங்குக்கு மேல் காகிதம்தான். பூச்சி அண்டாது, ஆர் மதிப்பு, அதாவது வெப்பம் கடக்காமல் தடுக்கும் திறன், அங்குலத்துக்கு மூன்றரைக்கு மேல் வரும், சந்து பொந்தெல்லாம் போய் உட்காரும். இப்போதும் அந்தப் பொருள்மீது எனக்குக் கோபம் இல்லை.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் செயலி ஒன்று இருக்கிறதே, என்ன வேலை என்று போட்டால் நாலு பேர் விலை சொல்வார்கள், அப்படிப்பட்ட ஒன்றில் போட்டேன். பெயரைச் சொல்ல மாட்டேன், வழக்கு விஷயம். அதில் இந்த ஆள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், "சரிபார்க்கப்பட்டவர்" என்று. அந்தப் பச்சை டிக்கை நம்பினேன் பாருங்கள்.

ஆள் வந்தான். நல்ல பேச்சு. ஷூவுக்கு உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளேயே வந்தான், அதிலேயே என் மனைவி பாதி விழுந்துவிட்டாள். காகிதம் என்றால் தீப்பிடிக்காதா என்று நான் கேட்டதும், அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி சிரித்தான். வண்டியிலிருந்து ஒரு டப்பாவும் கேஸ் டார்ச்சும் கொண்டுவந்தான். உள்ளங்கையில் ஒரு பிடி செல்லுலோஸை வைத்து, அதன் மேல் ஒரு காசை வைத்து, டார்ச்சைப் பற்றவைத்து நேராக அதன் மேல் அடித்தான். காசு செக்கச்செவேலென்று சிவந்து இளக ஆரம்பித்தது. கீழே அவன் கை, ஒன்றும் ஆகவில்லை. மேலே கொஞ்சம் கருகியது, அவ்வளவுதான். "உங்கள் குழந்தைகள் இதன் கீழ்தான் தூங்கப் போகிறார்கள், என் கையை நம்பமாட்டீர்களா?" என்றான். நான் நம்பினேன். அந்த நிமிஷத்தில் நான் எதையும் நம்பியிருப்பேன்.

அந்தச் சமயம் அப்பா வீடியோ காலில் இருந்தார். சிவகாசியில் அச்சகத்தில் முப்பது வருஷம் இருந்தவர், காகிதமும் நெருப்பும் அவருக்குப் புதிதல்ல. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிதானமாக ஒன்று சொன்னார்: "தம்பி, மேல காட்டுற தீ அணைஞ்சிரும்டா. பேப்பர் பொதிக்குள்ள கங்கு புகுந்தாத்தான் ஆபத்து. வெளியே ஒண்ணும் தெரியாது, மறுநாள் காலையில பார்த்தா குடோன் இருக்காது." நான் சிரித்துக்கொண்டே, "இல்லப்பா, இது கெமிக்கல் போட்டது" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது இப்போதுதான் புரிகிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இங்கே ஆளாளுக்குக் காகிதத்தை அரைத்து விற்க ஆரம்பித்து, போரிக் ஆசிட்டுக்கும் தட்டுப்பாடு வந்து, தீ விபத்து பயம் கிளம்பித்தான் 1978இல் அமெரிக்க காங்கிரஸ் அவசரமாக ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டது. அதன்படி செல்லுலோஸுக்கு இரண்டு தீச் சோதனை. ஒன்று, மேலே சூடான தகட்டை வைத்து வெப்பத்தைப் பாய்ச்சி, தீ எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்ப்பது. சதுர சென்டிமீட்டருக்கு 0.12 வாட் வரைக்கும் தீ பரவாமல் தாங்க வேண்டும். இரண்டாவதுதான் அப்பா சொன்னது. ஒரு எஃகுப் பெட்டியில் செல்லுலோஸை நிரப்பி, நடுவில் பற்றவைத்த சிகரெட்டைச் செருகிவிட்டு விடுகிறார்கள். ஆமாம், சிகரெட்தான். தீ கிளம்பக் கூடாது, எடை 15 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. இதில் வேடிக்கை என்னவென்றால் போராக்ஸ் தீ பரவுவதைத் தடுக்கும், ஆனால் கனன்றுகொண்டிருப்பதைத் தடுக்காது, சில சமயம் தூண்டிக்கூட விடும். கனல்வதை அடக்குவது போரிக் ஆசிட். அதனால்தான் இரண்டையும் கலக்கிறார்கள். டார்ச் அடித்தால் மேலே கரி படிந்து அதுவே கவசமாகிவிடுகிறது, பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும். உள்ளே கங்கு புகுந்தால் என்ன ஆகும் என்று அந்த வித்தை காட்டவே காட்டாது. இன்னொன்று, மூட்டையின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள், இது ஆய்வுக்கூடச் சோதனை மட்டும்தான், வீட்டில் நிஜமாக நடப்பதை இது குறிக்காது என்று. அந்த மூட்டையை அவன் என் கண்ணில் காட்டியிருந்தால்தானே!

சரி, கதைக்கு வருகிறேன். 1,000 சதுர அடி அட்டிக், பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆர் மதிப்பு 49 (ஆர்-49) வரும் அளவுக்கு மெஷினால் ஊதித் தருவது, மொத்தம் 3,850 டாலர். கிரெடிட் கார்டு என்றால் கமிஷன் போகும், பணம் அனுப்பும் செயலியில் போட்டால் 200 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றான். குறைத்த பிறகுதான் 3,850. அனுப்பினேன். ஐயோ, அந்த 200 டாலர்!

அக்டோபரில் ஒரே நாள், மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. காலி மூட்டைகளை அவர்களே வாரிக்கொண்டு போனார்கள், எவ்வளவு சுத்தமான ஆட்கள் என்று நான் வேறு பாராட்டினேன். அட்டிக் வாயிலிலிருந்து டார்ச்லைட் அடித்துக் காட்டினான், அட்டை அளவுகோலில் 16 அங்குலம். பனி விழுந்த மாதிரி அழகாக இருந்தது. ரசீது என்று கொடுத்ததில் ஒரே வரி: "அட்டிக் இன்சுலேஷன், முழுத்தொகை பெறப்பட்டது."

பிப்ரவரியில் சமையலறை கேன் லைட் (சீலிங்குக்குள் பதித்த விளக்கு) ஒன்று தானாக அணைந்து தானாக எரிய ஆரம்பித்தது. பல்பு மாற்றினேன். மறுபடியும் அதே. கால் மணி எரியும், அணையும், கொஞ்ச நேரம் கழித்து எரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், வயதான மனிதர். கீழே நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "மேலே சமீபத்தில் இன்சுலேஷன் போட்டீர்களா?" என்றார். அந்த விளக்குக்குள் சூடு ஏறினால் தானாகத் துண்டித்துக்கொள்ளும் ஒரு சின்ன பாகம் இருக்கிறதாம், அதுதான் திரும்பத் திரும்ப எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே ஏறி ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து காட்டினார். தேயிலைத் தூள் நிறத்தில் இருந்தது. மோந்து பார்த்தேன், தோசை தீய்ந்த கல்லுக்குப் பக்கத்தில் பேப்பரைப் போட்டால் வருமே, அந்த வாசனை. அதற்கு நேர் கீழே என் மகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

இன்சுலேஷன் தொடலாம் என்று சான்று பெற்ற விளக்குகள் வேறு, எங்கள் வீட்டிலிருப்பது பழைய வகை. அப்படிப்பட்ட விளக்கின் பக்கங்களிலிருந்து குறைந்தது 3 அங்குலம் தள்ளித்தான் செல்லுலோஸ் இருக்க வேண்டும், மேலே மூடவே கூடாது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலும் போகக் கூடாது, தடுப்பு வைக்க வேண்டும். இதெல்லாம் மூட்டையிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். என் அட்டிக்கில் ஒன்பது விளக்கையும் புதைத்துவிட்டிருந்தான். புகைக்குழாயைச் சுற்றி மாலை போட்ட மாதிரி ஊதி வைத்திருந்தான்.

அன்று நானே மேலே ஏறினேன். அளவுகோலைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் 3 அங்குலத்தைக் கத்தரித்துவிட்டு நட்டிருக்கிறான்! பூஜ்யத்துக்குப் பதில் 3இலிருந்து ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் அன்று அவன் காட்டிய 16 நிஜத்தில் 13. இப்போது இறங்கி ஒன்பதரை. மூலையில் அவர்கள் விட்டுப்போன ஒரே ஒரு காலி மூட்டை கிடைத்தது, தெய்வம் விட்டுவைத்தது என்றே நினைக்கிறேன். அதில் அட்டவணை இருக்கிறது: ஆர்-49க்கு 1,000 சதுர அடிக்கு 68 மூட்டை, சதுர அடிக்குக் குறைந்தது 1.7 பவுண்டு. அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு சதுர அடிச் சட்டம் செய்து, அதற்குள் இருந்ததை எல்லாம் அள்ளி, மனைவியின் சமையலறைத் தராசில் வைத்தேன். 1.05 பவுண்டு. மூன்று இடத்தில் செய்தேன், கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் வாசல் மணிக் கேமராவின் அக்டோபர் பதிவைத் தேடி எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். உள்ளே போனது 42 மூட்டை.

இதற்கு "ஃபிளஃபிங்" என்று பெயரே இருக்கிறதாம். மெஷினில் காற்றைக் கூட்டிவிட்டு ஊதினால் குறைந்த சரக்கு பொரி மாதிரி உப்பி நிற்கும். உயரம் சரியாகத் தெரியும், நாலு மாதத்தில் படியும். நல்ல முறையில் ஊதினாலும் செல்லுலோஸ் கொஞ்சம் அமரும், அதனால்தான் ஊதிய அன்றைய உயரம் வேறு, அமர்ந்த பிறகு இருக்க வேண்டிய உயரம் வேறு என்று மூட்டையில் தனித்தனியாகப் போடுகிறார்கள். நான் 68 மூட்டைக்குக் காசு கொடுத்து 42 மூட்டையும் காற்றும் வாங்கியிருக்கிறேன். 3,850 டாலருக்கு.

போன் செய்தேன். முதல் தடவை, "அமர்வது சகஜம் சார்." இரண்டாம் தடவை, "உங்கள் எலக்ட்ரீஷியன் மிதித்திருப்பார்." அளவுகோலைப் பற்றிக் கேட்டதும் சிக்னல் சரியில்லை என்றான், அதன் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. அவன் தாளில் போட்டிருந்த மாநிலப் பதிவு எண்ணைத் தேடினேன், அது வேறு யாரோ ஒரு வேலி போடுகிறவருடையது. செயலிக்காரர்களிடம் போனால், நாங்கள் இருவரையும் சேர்த்துவைக்கிறவர்கள் மட்டும்தான், உத்தரவாதம் 30 நாளுக்குத்தான், நீங்கள் எங்கள் வழியாகப் பணம் செலுத்தவில்லை. அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதைச் சரிபார்த்தது என்று கேட்டேன், அதற்கு அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தை அனுப்பினார்கள். மூன்று பேரிடம் பேசினேன், மூன்று பேரிடமும் முதலிலிருந்து கதை சொன்னேன், ஒருத்தி "உங்கள் சோஃபா டெலிவரி பற்றியா?" என்றாள். வங்கி, நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் என்றது. 3,850 டாலர் போய், எலக்ட்ரீஷியனுக்கு 420 கொடுத்து, இப்போது எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்து மறுபடி போட வேறு ஆள் பார்க்க வேண்டும்.

விரிவாக எல்லோருக்கும் ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போதே மணி ஒன்றாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். மூட்டையை நீங்களே எண்ணுங்கள், காலி மூட்டையை வீட்டிலேயே விடச் சொல்லுங்கள். ரசீதில் பரப்பளவு, ஊதிய உயரம், அமர்ந்த பிறகு இருக்க வேண்டிய உயரம், ஆர் மதிப்பு, மூட்டை எண்ணிக்கை எல்லாம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும், ஃபெடரல் டிரேட் கமிஷன் விதியே அப்படித்தான், நான் கேட்காதது என் தப்பு. அளவுகோலின் அடியைப் பாருங்கள், நுனியை அல்ல. ஊதும் முன்பே விளக்குகளைப் பார்த்துத் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். நியூ ஜெர்சியில் என்றால் பதிவு எண்ணை மாநில இணையதளத்தில் தேடி, பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கார்டில் கொடுங்கள். டார்ச்சோடு வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இங்கே சிறு வழக்கு நீதிமன்றத்தில் 5,000 டாலர் வரை போகலாம் என்கிறார்கள், திங்கட்கிழமை மனு போடுகிறேன். போலிப் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்புவது எப்படி என்பதுதான் தெரியவில்லை. இந்த மாதிரி யாராவது போயிருந்தால் சொல்லுங்கள், கேமராப் பதிவையும் தராசுப் படத்தையும் நீதிபதி பார்ப்பாரா? அதுவரைக்கும் ஒன்பது விளக்குக்கும் ஸ்விட்சில் டேப் ஒட்டிவைத்திருக்கிறேன், மேஜை விளக்கு வெளிச்சத்தில்தான் சமையல்.