கொல்லிமலையில் கைபேசி வரைபடம்

கடந்த மாதம் கொல்லிமலைக்குக் கைபேசியின் வழிகாட்டிச் செயலியை மட்டுமே நம்பிப் புறப்பட்டோம். காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் செயற்கைக்கோள் படத்தில் நூலைச் சுருட்டிப் போட்டதுபோல் தெரிந்ததால், வண்டியை எங்கே நிறுத்தி இளைப்பாறலாம் என்பதை வீட்டிலேயே குறித்துக்கொள்ள முடிந்தது. மலைமேல் சிக்னல் போனபோதும், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கியிருந்தமையால் நீலப்புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆகாய கங்கை அருவிக்கென்று அது கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒரு மிளகுத் தோட்டத்தின் பூட்டிய வாயில். அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கி அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், மேலிருந்து எடுத்த படத்தில் வெறும் மரக்கூட்டமாகவே தெரிகின்றன. தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே, “திரும்பிக் கோயிலுக்குப் போங்க சார்” என்றார்.