பணியில் அடிபட்ட காவலருக்கு எது லாபம்: மருத்துவ ஓய்வா, மாற்றுப் பணியா?

ஏற்காடு கோடை விழா பந்தோபஸ்து. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வேன் மோதி ஏட்டு ஒருவரின் கால் நசுங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தையல் பிரிப்பதற்குள் ஸ்டேஷனில் யோசனை வந்துவிடும்: "இன்வேலிட் எழுதிக் கொடுத்துட்டு வீட்ல இருங்கண்ணே." இன்வேலிட் என்றால் மருத்துவ ஓய்வு. அவசரப்பட வேண்டாம், உட்கார்ந்த வேலை கேட்பதே மேல்.

காரணம் பணிக்காலம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் 30 ஆண்டு தகுதிப் பணி (ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் பணிக்காலம்) இருந்தால்தான் கடைசிச் சம்பளத்தில் பாதி. குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். 24 ஆண்டில் வெளியேறினால், கூடுதல் ஆண்டு எதுவும் சேராவிட்டால், 40 விழுக்காடுதான். 60 வயதுவரை வர வேண்டிய ஊதிய உயர்வுகளும் போச்சு. 1.4.2003 முதல் சேர்ந்தவர்களுக்கோ, தன் 10 விழுக்காடும் அரசின் பங்கும் சேர்கிற ஓய்வூதியக் கணக்கு அன்றோடு நின்றுவிடும்.

மாற்றுப் பணி சலுகை அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4): பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணி, அது கிடைக்கும்வரை உபரிப் பணியிடம். இன்வேலிட் பென்ஷன் கொடுத்தாகிவிட்டது என்பதற்காக இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று, முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (2003). அவரும் காவலர்தான், பணியில் காலை இழந்தவர். ஆனால் ஒரு துறைக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. மனு போடுமுன் அப்படி விலக்கு அரசாணை இருக்கிறதா என்று அலுவலக அமைச்சுப் பணியாளரிடம் (எழுத்தர்) கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவ ஓய்வுக்கும் ஒரு நியாயம் உண்டு: வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை. அதற்கு வயது வரம்பு இருக்கிறது. படுத்த படுக்கையானவருக்கு அதுவே சரியாகவும் இருக்கலாம்.

எந்த வழியானாலும் காரியம் கெடுவது காகிதத்தில்தான். பாஸ்போர்ட் (பணிக்கு அனுப்பும் சீட்டு), ஜி.டி. பதிவு (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு), ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) மூன்றிலும் இடமும் நேரமும் ஒத்திருக்க வேண்டும். சேலம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனவர் பதற்றத்தில் "கீழே விழுந்துட்டாருங்க" என்று சொன்னால் ஏ.ஆரில் அதுதான் ஏறும்; பிறகு பணியில் பட்ட காயம் என்று நிரூபிக்கப் படாதபாடு படவேண்டும். அடிப்படை விதி 83இன்படி சிறப்பு இயலாமை விடுப்பு 24 மாதம்வரை உண்டு. அது தீருமுன் இன்வேலிட் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேன் மீதான இழப்பீட்டு மனு தனி; சேலம் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், சம்பளம் வந்துகொண்டிருந்தாலும்.