பொள்ளாச்சியிலிருந்து வரும் புத்தகங்கள்: வாட்ஸ்அப் வழி நூல் விற்கும் ஒரு கடையைப் பற்றி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என எல்லையை ஒட்டிய ஊர்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. தலைமுறைகளாகத் தமிழ் படித்து வரும் குடும்பங்களும் உண்டு. ஆனால் பாடநூலும் நோட்டும் விற்கும் கடைகளைத் தாண்டி, நல்லதொரு தமிழ் நாவல் வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் பேருந்து ஏற வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நூல் விற்கும் பொள்ளாச்சிச் சிறு கடை ஒன்று அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்து வைத்திருக்கிறது. தமிழாசிரியை என்ற முறையில் பள்ளி நூலகத்துக்கும், வீட்டுக்கும் அங்கே தொடர்ந்து வாங்கி வருகிறேன். சமூக ஊடகம் பதிப்பையும் வாசிப்பையும் எப்படி மாற்றி வருகிறது என்பதைச் சொல்லாமல் இக்கடையைப் பற்றி எழுத முடியாது. அதன் நிறை, குறை இரண்டுமே அந்த மாற்றத்திலிருந்து பிறந்தவை.

வாங்கும் முறை எளிது. நூலின் பெயரை அனுப்பினால் இருப்பு, விலை, தள்ளுபடி, அஞ்சல் செலவு ஆகிய விவரங்கள் பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடுகின்றன. ஜிபேயில் பணம் செலுத்தி, பின்கோடுடன் முகவரியை அனுப்பினால் போதும். இவ்வளவும் இன்று எல்லாக் கடைகளும் செய்வதுதான். இக்கடையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. கேட்டால் அட்டைப் படத்தோடு நிற்காமல், பதிப்பு விவரப் பக்கத்தையும் உள்ளே ஏதேனும் ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புகிறார்கள். ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பைக் கேட்டிருந்தபோது, இரு பதிப்பகங்கள் வெளியிட்ட பதிப்புகளை மேசைமேல் அருகருகே விரித்து வைத்துப் படமெடுத்து, “டீச்சர், இடது பக்கம் இருக்கறதுல எழுத்து ரொம்பப் பொடிசுங்க. பசங்க படிக்கறதுக்குன்னா மத்ததை எடுத்துக்குங்க, கொஞ்சம் வெலை கூடத்தான் ஆகும்” என்று குரல் பதிவும் சேர்த்து அனுப்பியிருந்தார் கடைக்காரர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் வரிகள் ஒன்றையொன்று நெருக்கிக் கிடந்தன, மறுபக்கத்து மை நிழலாகத் தெரிந்தது. மற்றதில் ஓரமும் வரி இடைவெளியும் தாராளமாக இருந்தன. நேரில் போய்ப் புரட்டிப் பார்த்தால் கிடைக்கும் தெளிவில் முக்கால் பங்காவது இதில் கிடைத்துவிடுகிறது.

பதிப்பு விவரத்தைக் கேட்டுப் பார்ப்பது முன்னைவிட இன்று அவசியமாகிவிட்டது. ஒரு காலத்தில் ஒரு தமிழ் நூலை ஆயிரம், ஆயிரத்து இருநூறு படிகள் அச்சிட்டுவிட்டு, அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை கிடைக்குமா என்று பதிப்பாளர் காத்திருப்பார். இப்போது தேவைக்கேற்ப மட்டும் அச்சிடும் பிஓடி (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) முறை பரவிவிட்டதால், ஃபேஸ்புக்கில் அறிவித்து, முன்பதிவு எவ்வளவு சேர்கிறது என்று பார்த்து, நூறு படியோ அதற்கும் குறைவாகவோ அச்சிட முடிகிறது. பெரிய முதல் இல்லாதவரும் பதிப்பாளர் ஆகலாம். சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு எடுக்க வசதியில்லாதவரின் நூலும் எங்கள் ஊர் வரை வந்து சேரலாம். இதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் இந்த வேகத்தில் முதலில் அடிபடுவது மெய்ப்புத் திருத்தம். வேறோர் இடத்தில் முன்பதிவு செய்து வாங்கிய கவிதைத் தொகுப்பு ஒன்றில் ஒற்றுப்பிழை இல்லாத பக்கத்தைத் தேட வேண்டியிருந்தது. முதுகுப் பசை விட்டு, விரித்து வைத்த சில நாட்களிலேயே தாள்கள் கழன்றன. கைபேசித் திரையில் வாங்குபவருக்கு அட்டை மட்டுமே தெரிகிறது என்பதால் பதிப்பாளரின் கவனமும் அட்டையிலேயே நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். உட்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும் ஒரு கடை அந்த வழக்கத்துக்கு எதிராக வேலை செய்கிறது.

எங்கள் மாணவர்கள் மலையாளமும் சரளமாகப் படிப்பவர்கள். அதனால் ரீல்ஸ் ஒரு நூலை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை நாங்கள் கண்முன்னே பார்த்தோம். அகில் பி. தர்மஜனின் ‘ராம் கேர் ஆஃப் ஆனந்தி’ 2020-இல் டிசி புக்ஸ் வெளியிட்ட மலையாள நாவல், கதைக்களமோ சென்னை. வெளிவந்து சில ஆண்டுகள் கழித்து இன்ஸ்டாகிராம் வழியாக இளைஞர்களிடையே பரவி லட்சக்கணக்கில் விற்றது; இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது 2025-இல் அதற்குப் பின்னால்தான் வந்தது. வேறு நாடுகளில் டிக்டாக் செய்த வேலையை, 2020 ஜூன் இறுதியில் அச்செயலி இங்கே தடை செய்யப்பட்ட பின் ரீல்ஸ் எடுத்துக்கொண்டது. பாடநூலைத் தவிர வேறெதையும் தொடாத பிளஸ் டூ மாணவிகள் அந்த நாவலைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்ததைக் கண்டு எனக்கு மகிழ்ச்சியே. அதன் இலக்கியத் தகுதியை விமரிசகர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். அடுத்து அந்த மாணவி எதைப் படிப்பாள் என்பதே என் கவலை. செயலியை நம்பி விட்டால், அதே சாயலில் இன்னொன்றைத்தான் அது நீட்டும். ஒரு மாணவிக்காக இக்கடையில் யோசனை கேட்டபோது, அளவில் சிறிய மூன்று தமிழ் நாவல்களின் முதல் பக்கங்களை அனுப்பி, அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

கைபேசி வந்து நீண்ட வாசிப்பு அழிந்துவிட்டது என்று ஆசிரியர் கூட்டங்களில் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014-இல் தொடங்கி 2020 வரை இணையத்தில் நாள்தோறும் வெளியிட்டார். 26 நாவல்களாக விரிந்த அதைத் திரையிலேயே விடாமல் தொடர்ந்தவர்கள் பலர். பிரதிலிபி போன்ற செயலிகளில் வீட்டுவேலைக்கு நடுவே தொடர்கதை படிக்கும் பெண்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

அஞ்சல் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது தொலைவிலிருந்து நூல் வாங்குவோருக்குப் பெரிய இடி. பின்னர் 2025 மே 1 முதல் அஞ்சல் துறை ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையைத் தொடங்கியது. வரி நீங்கலாக 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய். நாம் எதுவும் சொல்லாவிட்டால் இக்கடையில் கூரியரில் போட்டுவிடுகிறார்கள். அவசரமில்லாதவர்கள் அஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது. பொதிவதில் குறை சொல்ல முடியாது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையில் வந்த பார்சலின் மேலட்டை ஊறிப்போயிருந்தும், உள்ளே ஒவ்வொரு நூலும் தனித்தனிப் பாலித்தீன் உறையில் காய்ந்தே இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வருவதெல்லாம் புதிய நூல்களே. “கடைசிச் சில படிகள்” என்று அவசரப்படுத்தும் பதிவுகளும் அடிக்கடி வருகின்றன. நிதானமாக யோசித்து வாங்க வேண்டிய பொருளை இப்படி விற்பது இக்கடையின் தரத்துக்குப் பொருந்தவில்லை. மொழிபெயர்ப்பு நூல்களின் பதிவுகளில் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பல நேரங்களில் விட்டுவிடுகிறார்கள். மலையாளத்திலிருந்து வந்த நூல்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கக்கூடிய எங்களுக்கு அது பெரிய விடுபடல். அலமாரியில் இருக்கும் பழைய நூல்கள் எவை என்பது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டுமே வெளியாகி, 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. பெயர் தெரிந்த நூலைக் கேட்பவருக்கு இங்கே எல்லாம் கிடைக்கிறது. என்ன இருக்கிறது என்று அறிய விரும்புபவருக்கு வழியில்லை. இருப்பு நூல்களின் பட்டியலை, பதிப்பாண்டு, மொழிபெயர்ப்பாளர், பக்க எண்ணிக்கை ஆகியவற்றோடு மாதம் ஒரு முறை பிடிஎஃப் கோப்பாக அனுப்பினால், இன்ஸ்டாகிராம் பக்கமே போகாத எங்கள் ஊர் வாசகசாலைப் பெரியவர்களும் அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு நூல் கேட்க முடியும். கடைக்காரரிடம் இதை எழுதிக் கேட்டிருக்கிறேன்; செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்.