மண்டோர் பயிற்சி: காலையில் குலை, மதியம் பந்து

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர்களுக்கு நடக்கும் ஒருநாள் வகுப்பு இது. ஆளுக்கு 180 வெள்ளி (ரிங்கிட்), மதியச் சாப்பாடு உட்பட. ‘நேர்மையான தலைமை, குழு ஒற்றுமை’ என்று தலைப்பு பெரிதாகத்தான் இருக்கிறது. காசுக்குத் தகுந்தது காலை வகுப்பு மட்டுமே.

காலையில் எடுத்துக்கொண்டது குலைக் கணக்கு, அதாவது யார் எத்தனை பழக்குலை அறுத்தார் என்ற கணக்கு. ஆட்களுக்குள் மனக்கசப்பு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். அறுத்தவர் 120 என்பார், புத்தகத்தில் 112 இருக்கும். சாயங்காலம் கேட்டால் லாரி ஆலைக்குப் போயிருக்கும், எண்ணிப் பார்க்கக் குலை ஏது? அதனால் குலைகளைச் சாலையோரம் பத்துப் பத்தாக அடுக்கி, காம்பின் வெட்டுமுகத்தில் அறுத்தவர் எண்ணை எழுதி, லாரி வருமுன் அவர் கண்ணெதிரே எண்ணச் சொல்கிறார்கள். சீட்டில் இருவர் கையெழுத்து, ஒரு படி அவர் பையில்.

பழுத்த குலைக்கு மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் அளவு, பழம் உதிர்ந்த புதுக்குழி குறைந்தது 10. நான்கு குலைகளை மேசையில் வைத்து விரலால் தொட்டு எண்ண வைத்தார்கள். ஒன்றில் ஏழே குழி. பார்வைக்கு நல்ல சிவப்பு. இப்படிப்பட்ட குலையை வேண்டியவரிடம் ஏற்று, வேண்டாதவரிடம் தள்ளினால் அந்த மண்டோர் பேச்சை அப்புறம் யார் கேட்பார்?

யாருக்கு எந்த மரவரிசை என்று நிரை பிரிக்கும் பாடமும் நன்றாக இருந்தது. மேட்டு நிரையும் உயர்ந்த மரமும் எப்போதும் புது ஆள் தலையில்தான் விழும். முறைவைத்து மாற்றி, பட்டியலைப் பெரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடத்தில்) ஒட்டவேண்டும். ஆனால் 10 முதல் 14 நாள் வரும் அறுவடைச் சுற்று முடிந்த பிறகே மாற்றவேண்டும். தினமும் மாற்றினால் உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டவர் யாரென்று பிடிக்க முடியாது.

சம்பளப் பிடித்தத்துக்கு ஐந்தே நிமிடம். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அனுமதிப்பதைத் தவிர வேறெதையும் பிடிக்கக்கூடாது என்றார்கள், சரி. காய்க்குலைக்கு அபராதம் போடும் பழக்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. அதுதானே முக்கியம்!

மதியம் பந்து உருட்டல், கயிறு பிடித்தல். விடியுமுன் பெரட்டுக்கு நிற்பவர்களுக்கு இது தூக்கத்தைத்தான் தரும். இந்தோனேசிய, வங்காளதேச ஆட்களிடம் கணக்கை எப்படிப் புரியவைப்பது என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

போகிறவர்கள் சொந்தக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறார்கள். வகுப்பு கடைவீட்டு மாடியில். கார் நிறுத்த இடம் தேடவேண்டும்.