ஏழு மணிக்குள் வந்துவிடும் டப்பா

மும்பை செம்பூரின் சேடா நகரில் ஒரு மாமி வீட்டிலேயே சமைத்து டப்பா கொடுக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. ஆறு மாதமாகக் காலையும் இரவும் அவரிடம்தான் வாங்குகிறேன்.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அரிக்கும் நோய். விரதம் நல்லது என்று கேள்விப்பட்டு, பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிடத் தொடங்கினேன். முதல் வாரமே திண்டாட்டம். இந்த நோய்க்கான டைமெத்தில் ஃபூமரேட் மாத்திரை தினமும் இரண்டு வேளை. காலையில் வெறும் வயிற்றில் போட்டால் முகமும் கழுத்தும் சிவந்து எரிந்தன, வயிறு புரட்டியது. டாக்டர் நேரத்தை மாற்றினார்: காலை 9 மணிக்கும் இரவு 7 மணிக்கும் சாப்பாட்டோடு மாத்திரை, இரவு 7-இலிருந்து மறுநாள் காலை 9 வரை 14 மணி நேரம் தண்ணீர் மட்டும். ஸ்டீராய்டு ஏற்றும் நாட்களில் விரதமே கூடாது.

மாமியிடம் சொன்னதும், "என்னம்மா, தினமும் ஏகாதசியா?" என்று பதறிவிட்டார். சரி, மாத்திரை விஷயத்தை விளக்கினேன். அன்று முதல் காலையில் அடையும் அவியலும், இல்லையென்றால் பெசரட்டு. கொஞ்சம் எண்ணெயும் பருப்பும் உள்ளே போனால்தான் எனக்கு அந்த எரிச்சல் அடங்குகிறது. அடை ஓரம் மொறுமொறுவென்று, முருங்கைக்கீரை தாராளமாக. இரவுக்குக் கூட்டு, கீரை மசியல், கொஞ்சம் சாதம். மே மாத வெயிலில் என் கால் துவண்டுவிடும், அடுப்படியில் நிற்கவே முடியாது. அப்போதெல்லாம் இந்த டப்பாதான் என் விரதத்தைக் காப்பாற்றியது.

நோய் நின்றுவிடும் என்று நம்பி இதில் இறங்காதீர்கள், மருந்தையும் விடாதீர்கள். பெரிய பலன்கள் எல்லாம் எலிகளிடம் பார்த்தவை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்து 2018-இல் வெளியான மனித ஆய்வில் 36 பேர், 8 வாரம். உணவைக் குறைத்தவர்களுக்கு எடை இறங்கியது, மனநிலை தேறியது. எனக்கும் 3 கிலோ குறைந்தது, தூக்கம் நன்றாக வருகிறது.

குறை என்றால் மூடி. மரத்துப்போன விரலால் எவர்சில்வர் மூடியைத் திறக்க முடியாமல் ஒருநாள் அழுதேவிட்டேன். மறுநாளே மாமி லேசாகத் திறக்கும் டப்பாவுக்கு மாற்றினார். மழைநாளில் மட்டும் கால் மணி தாமதம். அப்போது அவரே போன் செய்து, "வந்துண்டே இருக்கு, மாத்திரையைப் போட்டுடாதே" என்பார்.

ஞாயிறு இரவு டப்பா கிடையாது. மாதுங்காவில் வாங்கி வைத்த மாவில், ஸ்டூலில் உட்கார்ந்தபடி நானே இரண்டு தோசை வார்த்துக்கொள்கிறேன்.